கலர் அழியலை பாஸ்... சுவர்தான் அழியுது!

ஒரு நாவல். ஓர் ஓவியம். நாவல் காஞ்சிபுரத்துக் கதை. ஓவியம் இருக்கிறது புதுக்கோட்டை பக்கத்துக் குகையில். ரெண்டுக்கும் நடுவே எங்க இளையாத்தங்குடி வீட்டுச் சுவர். இந்த மூணும் சேர்ந்து ஒரு சிவில் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டைப் பாடாய்ப் படுத்தும் கதை இது!

'சிவகாமியின் சபதம்' படிச்சவங்ககிட்ட, "உன் ஃபேவரிட் யாரு?"னு கேட்டுப் பாருங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு சர்வேயே எடுத்தேன். பாதிப் பேர் 'மாமல்லன்'னு உருகினாங்க. வீரதீரப் பிரியர்கள் 'பரஞ்சோதி'னாங்க. கொஞ்சம் வில்லங்கமான பார்ட்டிங்க 'நாகநந்தி அடிகள்'னு சொல்லிட்டு மர்மமாகச் சிரிச்சாங்க. ஆயனச் சிற்பிக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது என் ஓட்டு!

ஆயனர் யாருன்னு தெரியாதவங்களுக்காக ஒரு குட்டி ரீகேப். காஞ்சிக்கு வெளியே காட்டுக்குள்ளே வீடு. வீடு முழுக்கக் கல், உளி, சிலை. மகள் சிவகாமி ஆட ஆட, அந்த அபிநயங்களை அப்படியே கல்லில் வடிக்கிற மனுஷர். சக்கரவர்த்தி மகேந்திரவர்மரே தேடி வந்து பார்க்கிற அளவுக்குப் பெரிய ஆர்ட்டிஸ்ட். ஆனா, அவருக்குள்ளே ஒரே ஒரு ஏக்கம்... அஜந்தா! அங்கே குகைச் சுவர்களில் பல நூறு வருஷமாக மங்காமல் இருக்கிற வர்ணம் எப்படிச் செய்யப்பட்டது? அந்த ரகசியம் தெரிஞ்சாகணும். அவ்வளவுதான்.

அந்த ஒரு ஏக்கத்தை வெச்சே கல்கி கதையைக் கிளப்பி விட்டுடுவார். அஜந்தா வர்ண ரகசியத்தை அறிஞ்சு வரணும்னு சொல்லித்தான் பரஞ்சோதியை ஓர் ஓலையோட வடக்கே அனுப்புவாங்க. ஓலைக்குள்ளே இருந்தது வேற சமாச்சாரம். என்னன்னு சொல்ல மாட்டேன், படிச்சுக்குங்க! போர் வரும், முற்றுகை வரும், கால் ஒடியும், மகளே கைவிட்டுப் போவாள். அத்தனைக்கும் நடுவிலே அந்த மனுஷர் மனசில் ஓர் ஓரமாக அஜந்தா வர்ணம் ஓடிக்கிட்டே இருக்கும்.

எட்டாங் கிளாஸ்ல முதல் தடவை படிச்சப்போ எனக்கு ஓலையும் யானையும் குதிரைத் துரத்தலும்தான் கதை. ப்ளஸ் டூ லீவ்ல ரெண்டாவது தடவை. அப்போ சிவகாமிக்காக அழுதேன். இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகு மூணாவது ரவுண்டு. அப்போதான் ஆயனர் வந்து மண்டைக்குள்ளே உட்கார்ந்தார். 'கலர் ஏன் மங்குது? எப்போ மங்காது?' அட, இது நம்ம மெட்டீரியல்ஸ் பேப்பர் கேள்வி ஆச்சே!

பெட்டகத்துக்குள்ளே ஒரு தொடர்கதை

எங்க ஊர் இளையாத்தங்குடி. சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் முதல் கோயில் எங்க கைலாசநாதர் - நித்யகல்யாணி கோயில்தான். காஞ்சிப் பெரியவர் 1962-ல் ஆகம, சில்ப சதஸ் கூட்டினதும் இதே ஊரில்தான். ஸ்தபதிகளும் வித்வான்களும் வந்து இறங்கியிருக்காங்க. ஆயனர் மட்டும் நிஜமாக இருந்திருந்தா, முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிச்சிருப்பார்!

'சிவகாமியின் சபதம்' 1944-ல் 'கல்கி' பத்திரிகையில் ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேலே ஓடின தொடர்கதை. எங்க ஆயாவோட ஆத்தா அதை வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. பழுப்பேறின பேப்பர், நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்கள், ஓரத்தில் பென்சிலில் போட்ட மளிகைக் கணக்கு... அதுதான் நான் முதல்ல படிச்ச காப்பி. இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில் நகைக்குச் சமமாகப் பூட்டி வெச்சிருப்பாங்க. 'கை கழுவிட்டு வந்து எடு ஆத்தா'னு ஆயா சொன்னாத்தான் சாவி கைக்கு வரும்.

அந்தப் புஸ்தகத்தைப் பத்து தடவைக்கு மேலே படிச்ச ஆயாவுக்கு இப்போ எழுபத்தஞ்சு வயசு. ரெண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி ஒருநாள் திடீர்னு கேட்டாங்க. "அந்த ஆயனர் அஜந்தா அஜந்தான்னு உருகுவாரே... அந்த மாதிரிப் படம் நம்ம பக்கத்துல எங்கேயாச்சும் இருக்கா?"

இருக்கே! கீழச்சிவல்பட்டி, திருமயம், புதுக்கோட்டை, சித்தன்னவாசல். காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அஜந்தா ஓவியங்களோட பரம்பரையில் வெச்சு உலகமே பேசுற ஓவியம். எழுபத்தஞ்சு வருஷமாக ஆயா அதைப் பார்த்ததில்லை. இருபது வருஷமாக நானும்தான்!

'இவ்வளவுதானா?'

பொங்கல் லீவில் கிளம்பினோம். புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர். பரந்த பொட்டலில் படுத்திருக்கிற நீளமான பாறைக் குன்று. அதன் மேற்குப் பக்கத்தில் குடைஞ்ச சின்னக் குகைதான் அறிவர் கோயில். சமணக் கோயில். முன்னால் நிற்கிற தூண் வரிசையைப் பார்த்துட்டு, 'ஆஹா, என்ன பழமை!'னு புல்லரிக்காதீங்க. அது குடுமியான்மலையில் இடிஞ்சு கிடந்த மண்டபத்துத் தூண்களை எடுத்துட்டு வந்து, போன நூற்றாண்டின் முற்பகுதியில் புதுக்கோட்டை சமஸ்தானம் கட்டினது.

படி ஏற ஆயா என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தோம். சத்தியமாகச் சொல்றேன், முதல் பத்து செகண்ட் ஒண்ணுமே தெரியலை. காரை உதிர்ந்த விதானம், ஆங்காங்கே பச்சைத் திட்டு, பழுப்புத் திட்டு. பின்னால் வந்த ஒரு டூர் கேங் மொபைலில் நேரம் பார்த்துட்டு, 'இவ்வளவுதானா மச்சி?'னு திரும்பியே போயிடுச்சு.

நாங்க போகலை. ஆயா தரையிலே உட்கார்ந்துட்டாங்க. நான் பக்கத்தில் சாய்ஞ்சுக்கிட்டேன். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அஞ்சு நிமிஷமாவது ஆகும். அதுக்குப் பிறகு பாருங்க மேஜிக்!

முதல்ல பச்சை தெரியும். அது பச்சைத் திட்டு இல்லை, தாமரை இலை. ஒண்ணு விரிஞ்சிருக்கு, ஒண்ணு காத்தில் மடிஞ்சு அடிப்பக்கம் காட்டுது. அப்புறம் மொட்டு, பூ, தண்டு. ஒரு குளம் முழுக்க உங்க தலைக்கு மேலே விரியும். தண்டுகளுக்கு நடுவே மீன், அன்னம், எருமை, யானை... எல்லாம் தண்ணிக்குள்ளே குஷியாக இருக்கு. நடுவிலே பூப்பறிக்கிற மனுஷங்க. ரெண்டு பேர் செம்மண் நிறம், ஒருத்தர் பொன் நிறம். கையில் தாமரைத் தண்டு. முகத்தில் அப்படி ஓர் அமைதி.

சும்மா அழகுக்கு வரைஞ்ச குளம் இல்லை இது. சமண மரபில், தீர்த்தங்கரர் உபதேசம் செய்ய தேவர்கள் அமைக்கிற மண்டபத்துக்கு சமவசரணம்னு பேர். அங்கே போகிற வழியில் வர்ற நீர்நிலைதான் இது, பூப்பறிக்கிறவங்க 'பவ்யர்'னு சொல்லப்படுகிற நல்லடியார்கள்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. 

தூண்களின் மேல்பகுதியில் ரெண்டு நடன மங்கைகள். ஒருத்தி கையை யானைத் துதிக்கை மாதிரி குறுக்கே வீசி நிற்கிறாள். உடம்பெல்லாம் மங்கிப்போச்சு. ஆனாலும் இடுப்பு வளைவும் கொண்டை அலங்காரமும் நம்மைப் பிடிச்சு நிறுத்தும். ஆயா ரொம்ப நேரம் அவளையே பார்த்துட்டு மெதுவாகச் சொன்னாங்க. "இதுதான் ஆத்தா சிவகாமி. நான் மனசுல வெச்சிருந்த மாதிரியே நிக்கிறா."

புரை விழுந்த கண்ணுக்கு அவ்வளவு தெரிஞ்சுதான்னு நான் கேட்கலை.

பல்லவரா... பாண்டியரா?

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். நாவலில் வர்ற மகேந்திரவர்மர் நிஜத்திலும் சகலகலா வல்லவர். 'மத்தவிலாசப் பிரகசனம்'னு நாடகம் எழுதினவர். 'சித்திரகாரப்புலி'னு பட்டப்பேர் வெச்சுக்கிட்டவர். மண்டகப்பட்டில், 'செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன்' என்ற பொருளில் கல்வெட்டே பொறிச்சவர். ஆரம்பத்தில் சமணராக இருந்து, அப்பரால் சைவத்துக்கு வந்தவர்னு சொல்வாங்க.

சித்தன்னவாசல் ஓவியங்களை 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபிநாத ராவ் கவனிச்சுச் சொல்ல, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழூவோ துப்ரேய் அதை உலகத்துக்கு எடுத்துட்டுப் போனார். 'சமணக் குகை, ஓவியம், ஏழாம் நூற்றாண்டு... அப்போ இது மகேந்திரன் வேலைதான்!'னு முடிவு கட்டினாங்க. ரொம்ப காலம் பாடப் புஸ்தகங்களிலும் அப்படித்தான் இருந்துச்சு.

ஆனா, குகைக்கு வெளியே பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பிச்சு முகமண்டபம் எடுத்ததாகச் சொல்லுது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. 1942-ல் கே.ஆர்.சீனிவாசன் ஆராய்ஞ்சப்போ, இப்போ தெரியற ஓவியத்துக்கு அடியில் அதைவிடப் பழைய ஓவிய அடுக்கு ஒண்ணு இருந்ததும் தெரிய வந்துச்சு. அதாவது, நாம பார்க்கிற தாமரைக் குளம் பாண்டியர் காலத்து ரீ-பெயின்ட்!

ஆயாகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ இவ சிவகாமி காலத்தவ இல்லையா?"னு முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் அவங்களே சமாதானம் ஆகிட்டாங்க. "இருக்கட்டும். ஆட்டக்காரிக்கு ஏது காலம்?"

ஆயனரே, இந்தாங்க ஃபார்முலா!

இப்போ மேட்டருக்கு வருவோம். கலர் ஏன் மங்கலை?

1930-கள்ல சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ்.பரமசிவன், சித்தன்னவாசல் உள்ளிட்ட நம்ம ஊர்ச் சுவரோவியங்களை லேபில் வெச்சு ஆராய்ஞ்சார். பாறைமேல் நேரடியாக வரையலை. முதல்ல சுண்ணாம்பும் மணலும் கலந்த கரடுமுரடான பூச்சு. ரெண்டு, மூணு மில்லிமீட்டர்தான் கனம். அதுக்கு மேலே அரை மில்லிமீட்டர் அளவுக்கு வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. நம்ம அசைன்மென்ட் ஃபைல் அட்டையைவிட மெல்லிசு! அது காய்ஞ்ச பிறகு மேலே வர்ணம்.

வர்ணங்கள்? வெள்ளைக்குச் சுண்ணாம்பு. கறுப்புக்குக் கரி. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண். பச்சைக்குப் பச்சை மண் கனிமம். அவ்வளவுதான். ரகசிய மூலிகையும் இல்லை, சித்தர் மருந்தும் இல்லை. பெரும்பாலும் நம்ம காலடி மண்!

சிவப்புக் காவியில் இருக்கிறது இரும்பு ஆக்சைடு. அதாவது, துரு. உங்க சைக்கிள் மழையில் நனைஞ்சா துருப்பிடிக்கும். ஆனா, துரு இன்னும் என்ன துருப்பிடிக்கும்? வெயிலும் காத்தும் செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே செஞ்சு முடிச்ச பொருள் அது. செடி, பூவிலிருந்து எடுக்கிற சாயம் வெளிச்சம் பட்டால் உடைஞ்சு வெளுத்துடும். கனிமம் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

அடுத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணி ஊத்தி நீற்றி, குழைச்சுச் சுவரில் பூசுறோம். அது காத்திலிருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து இழுத்து, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக மாறுது. சிம்பிளாகச் சொன்னா, கல் பொடியாகி, பொடி குழம்பாகி, குழம்பு திரும்பவும் கல்லாகிடுது!

அஜந்தாவில் வேற டெக்னிக். அங்கே சுண்ணாம்புக்குப் பதில் மண் பூச்சு. உமி, நார் எல்லாம் கலந்த மண். அதுக்கு மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு அடிச்சு, காய்ஞ்ச பிறகு பசை கலந்த வர்ணம். அங்கேயும் வர்ணங்களில் பெரும்பாலானவை கனிமம்தான். அதனால், ஆயனர் தேடின ரகசியத்துக்கு இருபது வயசு சிவில் ஸ்டூடன்ட்டோட பதில் இதுதான். "ஐயா, கலர் மங்காமல் இருக்க மண்ணே போதும். ஆனா அந்தக் கலரைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிற சுவர் இருக்கே... அதைக் காப்பாத்துறதுதான் பெரிய வித்தை!"

கை எட்டினால் காலி

சித்தன்னவாசலில் என்ன மிச்சம் இருக்குன்னு கவனிச்சா ஒரு பேட்டர்ன் தெரியும். விதானம் இருக்கு. தூணின் மேல்பகுதி இருக்கு. மனுஷன் கை எட்டுற உயரத்தில்? அநேகமாக எல்லாம் போச்சு. இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் விழுந்த பிறகு, குகை ரொம்ப காலம் திறந்தே கிடந்துச்சு. காத்து, ஈரம், வெளவால், புகை... எல்லாம் சேர்ந்து காரையைத் தின்னுச்சு. மிச்சத்தை நம்ம ஆளுங்க கவனிச்சுக்கிட்டாங்க, ஆணியும் சாவியும் வெச்சு!

கிறுக்குறது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1819-ல் புலி வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, புதருக்குள்ளே அஜந்தா குகையைப் பார்த்தார். பார்த்ததும் செஞ்ச காரியம், பத்தாம் எண் குகையில் ஓவியத்தின் மேலேயே தன் பேரையும் தேதியையும் பொறிச்சதுதான். அது இன்னிக்கும் இருக்கு!

நல்லது செய்யப் போய்க் கெட்டதும் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு, அஜந்தா ஓவியங்களைக் காப்பாத்த இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைச்சது. உதிரவிருந்த காரையை ஒட்டவெச்சுப் பெரிய உதவி செஞ்சாங்க. கூடவே பளபளப்புக்காக ஓவியத்தின் மேலே அரக்கு வார்னிஷ் பூசினாங்க. வருஷம் ஆக ஆக வார்னிஷ் பழுப்பேறி, அழுக்கைப் பிடிச்சு, ஓவியத்தையே மறைச்சுது. அதைப் பூப்போல சுரண்டி எடுக்கத் தொல்லியல் துறை பல பத்து வருஷம் பாடுபட வேண்டியதாச்சு.

கிறுக்கினவனுக்கு ஓவியத்து மேலே அன்பு இல்லை. வார்னிஷ் அடிச்சவங்களுக்கு அன்பு இருந்துச்சு. ரெண்டு பேராலும் ஓவியம் அடி வாங்குச்சு. இதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. ஏன்னா, நாளைக்கு சிவில் இன்ஜினீயர்னு போர்டு மாட்டிக்கிட்டு சுவரைத் தொடப்போறது நாமதானே!

எங்க வீட்டு முகப்பும் ஒரு சித்தன்னவாசல்

ஊருக்குத் திரும்பினதும் நான் செஞ்ச முதல் வேலை, எங்க வளவுச் சுவரில் கன்னத்தை வெச்சுப் பார்த்ததுதான். சில்லுனு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பிறந்ததிலிருந்து சாய்ஞ்சு உட்கார்ந்த சுவர். இப்போதான் அது என்னன்னு புரியுது!

செட்டிநாட்டுச் சுவரும் அதே ஜாதி. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணி, பனைவெல்லம். ஒண்ணு மேல ஒண்ணாகப் பல அடுக்கு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்துவாங்க. பெயின்ட்டே தேவையில்லை. ஈரம் உள்ளே போகும், திரும்ப வெளியே வரும். சுவர் மூச்சு விடும்!

இப்போ என்ன நடக்குது? பர்மாத் தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் பழைய சாமான் கடையில் விலை போகுது. இடிச்ச வீடுகள் பல. இடிக்காத வீடுகளில், சுவரில் விரிசல் விட்டா மேஸ்திரி சிமென்ட்டைக் குழைச்சு அப்பிட்டுப் போறார். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மாட்டின ஈரம் பக்கத்தில் இருக்கிற சுண்ணாம்பை உப்பவெச்சு உரிச்சுடும். அடுத்த வருஷம் விரிசல் ரெண்டு மடங்கு. அதுக்கும் சிமென்ட். அப்புறம் மேலே எமல்ஷன் பெயின்ட். நூறு வருஷத்துச் சுவர் பத்து வருஷத்தில் நோயாளி ஆகிடுது. இதுவும் வார்னிஷ் கதைதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை!

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-ல் சேர்த்திருக்காங்க. ஆனா, முட்டைப் பூச்சு தெரிஞ்ச கொத்தனார்களை விரல் விட்டு எண்ணலாம். எங்க ஏரியாவில் ஒரு பெரியவர் இருக்கார். போன மாசம் அவர்கிட்ட போய், "எனக்குக் கத்துக்கொடுங்க ஐயா"னு நின்னேன். மேலும் கீழும் பார்த்தார். "காலேஜ்ல கத்துக்கொடுக்கலையா?"ன்னார். "கான்க்ரீட் மட்டும்தான் ஐயா." சிரிச்சுட்டு, "சுண்ணாம்புக்குப் பொறுமை வேணும். உனக்கு இருக்கா பார்ப்போம்"னு சொல்லி, நீற்றின சுண்ணாம்பைத் தண்ணியில் ஊறப்போட்ட தொட்டியைக் காட்டினார். தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய்!

ஆயா போட்ட கிராஸ் கேள்வி

இந்த ஆராய்ச்சிப் பெருமையெல்லாம் ஆயாகிட்ட அளந்துக்கிட்டு இருந்தப்போ, நடுவில் ஒரு குண்டு போட்டாங்க.

"அது சரி. ஆயனர் கலரைத் தேடினாரு தேடினாருன்னு கொண்டாடுறியே. பெத்த பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு அந்த மனுஷன் தேடினாரா? அந்த ஆசையாலதானே நாகநந்தியை நம்பினாரு? வீட்டுக்குள்ள யாரு வர்றான், எதுக்கு வர்றான்னுகூடப் பாக்கலையே. எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது ஆத்தா."

ஷாக்! பத்து தடவை படிச்சவங்க சொல்றாங்களே. யோசிச்சா நிஜம்தான். அஜந்தா என்ற ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷர் எதையும் கவனிக்காமல் விட்டிருக்கார். கல்கி அவரை மகா கலைஞராகவும் காட்டுறார், அந்தக் கலைவெறி எவ்வளவு விலை கேட்கும்னும் காட்டுறார். நாலாம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு'னு பேர் வெச்சது சும்மா இல்லை.

அதனால, என் ஓட்டை மாத்திக்கிட்டேனா? இல்லை. ஆயனர்தான் இப்பவும் என் ஃபேவரிட். ஆனா, இப்போ ஒரு கண்டிஷனோட! சுவரைப் பார்க்கிற கண்ணு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளையும் பார்க்கணும். ஆயாவோட கண் ஆபரேஷனுக்கு லீவ் போட்டுட்டு வந்து, ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் கூடவே இருந்தேன். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் போரடிக்குதுன்னாங்க. 'பரஞ்சோதி யாத்திரை' முதல் அத்தியாயத்திலிருந்து சத்தமாக வாசிச்சேன். பக்கத்து பெட் அம்மா, "கொஞ்சம் சத்தமா படி கண்ணு"னு கேட்டு, மொத்த வார்டுக்கே கதா காலட்சேபம் ஆகிடுச்சு!

நீங்களும் போகணுமா?

புதுக்கோட்டை வரைக்கும் பஸ், ரயில் ரெண்டும் இருக்கு. அங்கிருந்து அன்னவாசல் போகிற பாதையில் சித்தன்னவாசல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். காலையிலேயே போயிடுங்க. மதிய வெயிலில் பாறை சுடும்.

குகைக்குள்ளே போனதும் மொபைல் வெளிச்சத்தை அடிக்காதீங்க. உட்காருங்க. பத்து நிமிஷம் சும்மா அண்ணாந்து பாருங்க. கருவறைக்குள்ளே கண்ணை மூடி மெதுவாக 'ம்ம்ம்'னு ஹம் பண்ணிப் பாருங்க. அறையே சேர்ந்து முரலும். சும்மா ஜிவ்வுனு இருக்கும்!

அப்படியே குன்றின் மேலே ஏறினா ஏழடிப்பட்டம். இயற்கையான குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு செதுக்கினது. அங்கே இருக்கிற தமிழ்-பிராமி கல்வெட்டு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தினது. நம்ம ஹாஸ்டல் பெட்டைப் பத்திப் புலம்புறவங்க ஒரு தடவை அதில் படுத்துப் பார்க்கணும்னு தோணும். படுக்காதீங்க, பார்த்தா போதும்!

நாவல் வேணும்னா கவலையே வேண்டாம். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனதால், பல பதிப்பகங்கள் போட்டி போட்டு மலிவு விலையில் போட்டிருக்காங்க. நாலு பாகமும் சேர்த்து ஒரு தலைகாணி சைஸ் வரும். ஒரு செமஸ்டர் லீவுக்குப் பக்கா!

கடைசியாக ஒரே ஒரு ரெக்வெஸ்ட். டூர் போற இடத்தில் உங்க கேங்கில் யாராவது பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சுவர் பக்கம் போனா, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடுங்க. 'ரமேஷ் லவ்ஸ் சுதா' சமாச்சாரம் சுதாவுக்குத் தெரிஞ்சா போதும் மச்சி... ஆயிரத்து நூறு வருஷத்துத் தாமரைக்குத் தெரிய வேண்டாம்!